எட்டு மாத மூப்பு

கேப்டனைப் பார்த்தால் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அகன்ற தோள், காதோரம் மட்டும் நரை, அவசரமில்லாத நடை. நூற்று எண்பது பேரை முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மழை மேகத்துக்குள் விமானத்தை நுழைத்து வெளியே கொண்டுவருவார். தரை இறங்கியதும் கதவோரம் நின்று, கடைசிப் பயணி போகும்வரை தலையசைத்து வழியனுப்புவார். மேகமும் மின்னலும் அவரை ஒன்றும் செய்ததில்லை. இருபத்தாறு வருஷமாக அவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது ஒரு தேதி. அதுவும் அவருடைய சொந்தப் பிறந்த தேதி.

கேட்டால் சிரிப்பு வரும். கதை அப்படித்தான் ஆரம்பித்தது. நாலு வயதில் அவர் வீட்டில் அடித்த லூட்டி தாங்காமல், அவருடைய அப்பா அவரைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஐந்து முடிந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். "அஞ்சு முடிஞ்சுடுச்சே" என்று அப்பா கண்ணிமைக்காமல் சொல்லி, ஒரு வருஷத்தைக் கூட்டி எழுதவைத்துவிட்டு, அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. பள்ளிச் சான்றிதழில் இருந்த வயது கல்லூரிக்குப் போனது, விமானம் ஓட்டும் பயிற்சிக்குப் போனது, பாஸ்போர்ட்டில் ஏறியது, கல்யாணப் பத்திரம்வரை கூடவே வந்தது. வேறு எந்த வேலைக்குப் போயிருந்தாலும் அந்தக் கூட்டலால் ஒரு வருஷம் முன்னாலேயே ஓய்வு பெற்றிருப்பார், அவ்வளவுதான். அவர் போனது விமானி வேலைக்கு.

விமானிகள் உலகத்தில் திறமைக்கும் நல்ல குணத்துக்கும் மேலே ஒரு எண் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனியில் யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்களுக்குச் சின்ன எண். அடுத்து வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண். எந்த வழித்தடத்தில் பறப்பது, ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் இருப்பது, கேப்டன் இருக்கை காலியானால் யார் உட்காருவது, எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். கம்பெனி நொடித்துப்போய் ஆட்களைக் குறைத்தால், பட்டியலின் அடியிலிருந்து வெட்டிக்கொண்டு வருவார்கள். வெட்டு எந்த எண்ணில் நிற்கிறதோ, அதற்கு மேலே இருப்பவன் வேலைக்குப் போவான், கீழே இருப்பவன் வீட்டுக்குப் போவான். இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது என்று விமானிகள் சத்தியம் செய்வார்கள். ஆளைப் பார்க்காது, முகத்தைப் பார்க்காது, எண்ணை மட்டும் பார்க்கும். எண் சரியாக இருந்தால் நியாயம்தான்.

ஒரே நாளில் பலர் சேர்ந்தால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. வயதில் மூத்தவருக்கு முதல் எண். அவர் சீக்கிரம் ஓய்வு பெற்றுப் போவார், பின்னால் நிற்பவன் மேலே வந்துவிடலாம் என்பது கணக்கு.

கேப்டனோடு சேர்ந்து அன்றைக்கு எட்டுப் பேர் வேலைக்கு வந்தார்கள். பயிற்சிக் கூடத்துச் சுவர் ஓரமாக அவர்களை நிற்கவைத்து, பயிற்சி அதிகாரி கையில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு ஆளை ஆளாக இடம் மாற்றினார். கேப்டனுக்கு அடுத்து ஒரு நெட்டை ஆள் வந்து நின்றார். கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்து, "நீங்க என்னைவிட எட்டு மாசம் பெரியவரா? மூஞ்சியப் பார்த்தா தெரியலையே" என்றார்.

உண்மையில் நெட்டைதான் நாலு மாதம் மூத்தவர். கேப்டனுக்கு அது அந்த நொடியிலேயே தெரியும். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். புது வேலை, புதுச் சட்டை, முதல் நாளே சான்றிதழ் தப்பு என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தார். ஒரு எண்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து நெட்டை அவரை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிக்குத்தான். அந்தக் கேலி இருபத்தாறு வருஷமாக ஓயவே இல்லை.

ஆறாவது வருஷம் கம்பெனிக்குக் கஷ்ட காலம் வந்தது. பட்டியலை அடியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்டு எங்கே போய் நின்றது என்று சொல்ல வேண்டியதே இல்லை. கேப்டன் அப்போது துணை விமானி. அவருக்கும் நெட்டைக்கும் நடுவே சரியாக நின்றது. கடிதம் வந்த அன்று நெட்டை அவர் தோளில் கைபோட்டு, "எட்டு மாசம் முன்னாடி பொறந்து தப்பிச்சுட்டியே அண்ணே" என்று சிரித்தார். கேப்டன் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தார்.

நாலு வருஷம் நெட்டை ஒரு மருந்துக் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். இரண்டாவது வருஷம் அவர் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது, வேனோடு வெளியூரில் மாட்டிக்கொண்டார். கேப்டன்தான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, படிவத்தில் உறவினர் என்று கையெழுத்துப் போட்டு, பகல் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போனால் இரண்டு வீட்டுக்கும் சாமான் வாங்குவார். அவருடைய மனைவி, "என்னங்க, கூடப் பொறந்தவனுக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று பெருமைப்படுவாள். அவள் பெருமைப்படும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுவார். அவளுக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அவள் தப்பான தேதியில் புதுச் சட்டை வாங்கிக் கொடுப்பாள், அவர் போட்டுக்கொள்வார்.

பிறகு நெட்டையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில், மேல் எண்ணில் இருந்த இவர் கேப்டன் ஆனார். நெட்டைக்கு அதற்கு வேண்டிய பறந்த மணி நேரம் போதவில்லை. அந்த மணி நேரத்தை அவர் எட்டிப் பிடித்தபோது, கம்பெனி புது விமானம் வாங்குவதை நிறுத்தியிருந்தது. ஐம்பத்து மூன்று வயதிலும் அவர் துணை விமானியாகவே வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்தவர் இல்லை. எண் அப்படி, தலையெழுத்து அப்படி என்பார்.

இதெல்லாம் பழைய பயம். பழகிப்போன பயம். புதிது, ஒரு சுற்றறிக்கையில் வந்தது.

கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. இரண்டு பட்டியலையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இருபத்தைந்து வருஷ சர்வீஸ் முடித்தவர்களுக்கு மட்டும் பழைய முழு பென்ஷன், மற்றவர்களெல்லாம் புதுத் திட்டத்துக்கு மாற வேண்டும். புதுத் திட்டம் என்பது பேருக்குத்தான் பென்ஷன். கேப்டனுக்கு இருபத்தாறு வருஷம் இருந்தது. நெட்டைக்கும் இருபத்தாறுதான், ஆனால் வேன் ஓட்டிய நாலு வருஷத்தைக் கழித்தால் இருபத்திரண்டு. "மருந்துக் கம்பெனிக்காரன் எனக்குப் பென்ஷன் தருவானான்னு கேட்டுப் பாக்கணும்" என்று நெட்டை சிரித்தார். அவருடைய மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவர் சிரித்துவிட்டு வெகுநேரம் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கேப்டன் கவனித்தார்.

சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியைப் படித்தபோதுதான் அவர் கண் இருட்டியது. வயது விஷயத்தில் இரண்டு கம்பெனிக்காரர்களும் சண்டை போட்டுக்கொள்வதால், ஒவ்வொரு விமானியும் அரசாங்கப் பிறப்புப் பதிவின் நகலைக் கொடுக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ் செல்லாது. முப்பது நாள் அவகாசம். பதிவு கிடைக்காதவர்கள் கிடைக்கவில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் தரலாம். அது பொய்யென்று தெரிந்தால் வேலை போகும்.

பிறப்புப் பதிவு எரிந்துபோயிருக்கும், கரையான் தின்றிருக்கும், வெள்ளம் கொண்டுபோயிருக்கும் என்று நம்பிக்கொண்டு அவர் பதிவு அலுவலகத்துக்குப் போனார். மனிதர்கள் எதை எதையோ வேண்டிக்கொள்கிறார்கள், இவர் கரையானை வேண்டிக்கொண்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் பெயரைத் தட்டினான், இரண்டு நிமிஷத்தில் நகலை நீட்டினான். உலகத்தில் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்த ஒரே அலுவலகம் அதுவாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து நேராக ஒரு வக்கீலிடம் போனார். வக்கீல் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இது உங்க கைல இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

"யாருக்கும் தெரியாது."

"அப்ப இது இல்ல. பதிவு கிடைக்கலன்னு ஒரு பத்திரம் அடிச்சுத் தரேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருங்க."

பத்திரம் வந்தது. அதையும் பிறப்புப் பதிவு நகலையும் ஒரே உறையில் போட்டு, விமானத்துக்குக் கொண்டுபோகும் கறுப்புப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. போன் அடித்தால் தூக்கிவாரிப்போட்டது. அலுவலகத்தில் யாராவது பின்னாலிருந்து "சார்" என்றால் திரும்புவதற்குள் உள்ளங்கை வேர்த்தது. சட்டையைத் துவைக்கப் போட்ட மனைவி பையைத் தொட்டபோது, "அதை வை" என்று கத்திவிட்டார். அவள் பேய் அறைந்த மாதிரி நின்றாள். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவளிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயம் இருந்தது. மாட்டிக்கொண்டால் கேப்டன் பதவி, பென்ஷன், பெயர் எல்லாம் போகும். மாட்டிக்கொள்ளாவிட்டால் நெட்டை கடைசிவரை அவரை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். எது மோசம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

முப்பதாவது நாள் அவருக்குக் காலைப் பறப்பு. அன்றைய பறப்புப் பட்டியலில் துணை விமானி யார் என்று பார்த்தார். நெட்டை.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது ஊரைச் சுற்றி மேகம் அடைத்துக்கொண்டிருந்தது. ஓடுபாதைக்கு வடக்கே குன்றுகள், மேகத்துக்குள் ஒன்றும் தெரியாது. அன்று விமானத்தை ஓட்டுவது கேப்டன், ரேடியோ பேசுவது நெட்டை. கட்டுப்பாட்டுக் கோபுரம் ஆறாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னது. நெட்டை அதையே திருப்பிச் சொல்லி ஒப்புக்கொண்டார். கேப்டனின் விரல் உயரத்தை வைக்கும் குமிழைத் திருகியது. அவர் மனம் பையிலிருந்த உறையில் இருந்தது. பொய்ப் பத்திரத்தை மேலே வைத்தோமா, கீழே வைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஆறாயிரம்" என்றார் நெட்டை.

கேப்டன் திரும்பிப் பார்த்தார்.

"ஆறாயிரம் சொன்னாங்க. நீ அஞ்சாயிரம் வச்சிருக்கே அண்ணே."

குமிழுக்கு மேலே உயரம் காட்டும் பெட்டியில் ஐயாயிரம் என்று பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. குன்றின் உச்சி ஐயாயிரத்து நூறு அடி. கேப்டன் எண்ணை மாற்றினார், "நன்றி, ஆறாயிரம்" என்றார். "ஆறாயிரம், சரி" என்றார் நெட்டை. அவ்வளவுதான். விமானிகளின் வழக்கம் அது. அடுத்தவன் தப்பு செய்தால் பார்த்தவன் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும், அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். சொன்னவன் குத்திக்காட்டக் கூடாது, கேட்டவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. தப்புக்கும் திருத்தத்துக்கும் நடுவே மூன்று விநாடிகூட ஆகவில்லை. இன்னொரு தப்பு இருபத்தாறு வருஷமாகத் திருத்தப்படாமல் அதே அறையில் அவர்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து பறந்துகொண்டிருந்தது.

கடைசிப் பயணி இறங்கிப் போகும்வரை அவர் வழக்கம்போலத் தலையசைத்தார். கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நூற்று எழுபத்தொன்பது பேர், அதில் மடியில் குழந்தை வைத்திருந்த ஒரு பெண் அவரைப் பார்த்து, "நல்லா எறக்கினீங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன அண்ணே, மூஞ்சியில ஈயாடல. டீ குடிச்சிட்டுப் போலாம் வா" என்றார் நெட்டை.

ஊழியர் கேண்டீனில் மணி மூன்று. மத்தியானக் கூட்டம் போய், மேஜைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. கேப்டன் டம்ளரைத் தூக்கப் பார்த்தார், பாதி தட்டில் கொட்டியது. தூக்குவதை விட்டுவிட்டார்.

"நான் உனக்கு அண்ணன் இல்ல" என்றார்.

"தெரியுமே. எங்கம்மாவுக்கு நான் ஒத்தப் பிள்ளை."

"வயசைச் சொல்றேன். நீதான் மூத்தவன். நாலு மாசம்."

நெட்டை சிரிக்கத் தயாரான முகத்தோடு பார்த்தார். கேப்டன் உறையைத் திறந்து பிறப்புப் பதிவை மேஜையில் வைத்தார். நெட்டை சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்து முடித்து, மறுபடி மேலிருந்து படித்தார்.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"சின்ன வயசுல இருந்தே."

"அப்ப அந்தச் சுவர் ஓரமா நின்னப்ப தெரியும்."

"தெரியும்."

"எனக்கு லெட்டர் வந்த அன்னிக்கு?"

"தெரியும்."

நெட்டை ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே ஒரு லாரி சாமான் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனது. அது போய் மறையும்வரை பார்த்துவிட்டு, அதே பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"ஆஸ்பத்திரியில பகல் பூரா நீதான் உக்காந்திருந்தே. என் பிள்ளைய மொதல்ல கையில வாங்கினவன் நீ. அப்பவும் தெரியும், இல்ல?"

கேப்டன் தலையை ஆட்டினார்.

"வாயால சொல்லு."

"தெரியும்."

"அவர் இல்லன்னா நாம என்ன ஆகியிருப்போம்னு என் பொண்டாட்டி இன்னிக்கும் சொல்லுவா" என்றார் நெட்டை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கேப்டன் தாங்கியிருப்பார். இருபத்தாறு வருஷமாக அவர் ஒத்திகை பார்த்துவைத்திருந்தது கத்தலுக்குத்தான்.

உறையில் இன்னொரு காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. நெட்டை அதை உருவினார். "இது என்ன?"

"பொய்ப் பத்திரம். பிறப்புப் பதிவே இல்லன்னு. இன்னிக்கு இதைக் குடுக்கலாம்னுதான் வந்தேன்."

"பின்ன ஏன் இங்க உக்காந்திருக்கே?"

"ஆறாயிரம்னு சொன்னியே. நீ வாயை மூடிட்டிருந்தா அத்தனை பேரும் போயிருப்பாங்க. நான் உன்கிட்ட வாயை மூடிட்டிருந்தேன்."

நெட்டை பத்திரத்தை மடித்தார். நாலாக, எட்டாக, அதற்கு மேல் மடிக்க முடியாத அளவுக்கு மடித்து, கொட்டிய டீயில் போட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்திரி. ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடும்."

அண்ணே என்று சொல்லவில்லை. கேப்டன் அதைக் கவனித்தார். சட்டைக்குள் இருந்து எதையோ உருவி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

அலுவலகம் விமானக் கொட்டகைக்குப் பின்னால், இரண்டாவது மாடியில். நெட்டை முன்னால் நடந்தார், கேப்டன் பின்னால். நீளமான தாழ்வாரம். ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும், இப்போது திரும்பி ஓடினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஐம்பத்து மூன்று வயதில், தோளில் நாலு தங்கப் பட்டையோடு, எங்கே ஓடுவது என்றும் தோன்றியது.

பட்டியலைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளை எல்லோரும் பட்டியலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாக விமானிகளின் எண்களை மேய்ப்பவர். பிறப்புப் பதிவை வாங்கிக் கணினியில் தட்டினார். பழைய தேதி ஒரு பக்கம், புதுத் தேதி ஒரு பக்கம் வந்தது. அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். முதலில் கேப்டனை, அப்புறம் நெட்டையை.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் இடம் மாறுவீங்க" என்றார்.

"இவரை நாலு வருஷம் வீட்டுக்கு அனுப்பினது?" என்று கேட்டார் கேப்டன்.

பட்டியலம்மா விரலை எச்சில் தொட்டு ஒரு தடித்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "எண் தப்பா இருந்ததால வீட்டுக்கு அனுப்பியிருந்தா, அந்தக் காலத்தையும் சர்வீஸ்ல சேர்க்கணும். சேர்த்தா சாருக்கு இருபத்தாறு. பழைய பென்ஷன் உண்டு." நெட்டை அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். பட்டியலம்மா இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "ஆனா இதுல ஒரு கேள்வி இருக்கு. தப்பான தேதின்னு தெரிஞ்சே குடுத்தாரா, தெரியாம குடுத்தாரான்னு. பாதிக்கப்பட்டவர்தான் ரெண்டுல ஒண்ணை டிக் பண்ணிக் கையெழுத்துப் போடணும். உங்களுக்குச் சேர வேண்டியது எதை டிக் பண்ணாலும் வந்துடும். தெரியாமன்னா கேப்டன் சாருக்கு ஒரு எண் எறங்கும், அதோட சரி." கேப்டனைப் பார்க்காமல் சொன்னார். "தெரிஞ்சேன்னா விசாரணை. கேப்டன் பதவியும் பென்ஷனும் நிக்கிறது கஷ்டம்."

படிவம் நெட்டையின் முன்னால் போய் உட்கார்ந்தது. பேனாவைக் கையில் எடுத்தார். கேப்டனின் கண் அந்தப் பேனா முனையை விட்டு நகரவில்லை. மனைவி முகம் வந்தது. வீட்டில் பாதி கட்டி நிற்கும் மாடி வந்தது. இந்த மனுஷன் நல்லவன், தெரியாமல் என்றுதான் போடுவான் என்று ஒரு ஆசை எழுந்தது. அந்த ஆசை வந்ததும், மேகத்துக்குள் வராத பயம் அவருக்கு அப்போது வந்தது. தன்னைப் பார்த்தே வந்த பயம். இன்னொரு தடவையும் அவன் தயவில் தப்பிக்கப் பார்க்கிறோமே என்று.

நெட்டை பேனாவை வைத்துவிட்டு, படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

"பொய்யும் எழுத மாட்டேன். உன் குடியைக் கெடுக்கவும் மாட்டேன். நீயே போடு. எதைப் போட்டாலும் கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

"சார், யோசிச்சுப் போடுங்க. அழிச்சு எழுத முடியாது" என்றார் பட்டியலம்மா.

கேப்டன் பேனாவை எடுத்தார். முனை காகிதத்தில் இரண்டு புள்ளி வைத்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தே என்ற கட்டத்தில் கோடு இழுத்தார். கோணல் மாணலாக, சின்னப் பிள்ளை எழுதின மாதிரி இருந்தது. யார் பார்த்தாலும் புரியும்.

நெட்டை அதைப் பார்த்தார். குனிந்து தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டியலம்மா முத்திரை குத்தி, எழுந்து உள் அறைக்குப் போய்விட்டார். அவருக்கு உள்ளே ஒரு வேலையும் இல்லை.

இருவரும் மாடிப்படி இறங்கினார்கள். வெளியே நல்ல வெயில். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் கேப்டன் தன் காரின் முன்னால் நின்று சாவியைத் தேடினார். சாவி கையிலேயே இருந்தது. நாலடி தள்ளி நெட்டை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத" என்றார் நெட்டை.

"நெனைக்கல."

"நாளைக்கு எப்படியிருப்பேன்னு எனக்கே தெரியாது. உன் மூஞ்சியிலயே முழிக்க வேணாம்னு தோணினாலும் தோணும்."

"சரி."

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது. அவளுக்கு என் பொறந்த நாளே தெரியாது."

நெட்டை திரும்பினார். கேப்டன் சாவியைக் கதவில் நுழைக்கப் பார்த்தார். அது கதவில் கீறிக்கொண்டு நழுவியது. மறுபடி நுழைத்தார், மறுபடி நழுவியது.

"பயமா இருக்கா?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு அவர் யாரிடமும் நேராகப் பதில் சொன்னதில்லை. "பயமா இருக்கு" என்றார்.

நெட்டை அவர் கையிலிருந்து சாவியை வாங்கினார். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். காலை வைக்க இடம் போதாமல் இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"ஏறு" என்றார். "நானும் வரேன்."